கூடச் சத்தம் போடுகிற மெஷின் எது?

போன கிழமை வவுனியாவில் ஒரு கடையில் நின்று நான் கேட்ட கேள்விக்கு, கடை முதலாளி தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்தார்.

"தம்பி, இதுகளுக்குள்ள எது கூடச் சத்தம் போடும்?"

இவ்வளவுதான் கேள்வி. இதற்கு இப்படிப் பார்ப்பானேன்?

அவருக்கு முன்னால் மேசையில் எஸ்பிரெசோ மெஷின்கள் வரிசையாக நின்றன. எல்லாம் பளபளவென்று... அதுவரைக்கும் அவர் ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டி, "இது சத்தமே கேக்காது அன்ரி", "இது பக்கத்து அறையில படுத்திருக்கிற ஆளையும் எழுப்பாது அன்ரி" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அவரில் பிழை இல்லை. தண்ணி மோட்டர் வாங்கப் போனாலும் ஃபேன் வாங்கப் போனாலும் சனம் சத்தம் குறைந்ததைத்தானே கேட்கும்?

பக்கத்து அறையில் எழுப்புவதற்கு எனக்கு ஆள் இல்லை. இதைப் போய் முன்பின் தெரியாத ஒரு கடைக்காரரிடம் சொல்லவா முடியும்? "சும்மாதான் கேட்டனான்" என்று சமாளித்துவிட்டேன்.

சும்மா இல்லை. உங்களிடம் மறைப்பானேன்...

வாராவாரம் இந்தப் பக்கத்தைத் திருப்புகிறவர்களுக்கு என்னைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கச்சேரியில், அதுதான் மாவட்டச் செயலகத்தில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கிளிநொச்சியில், ஏ-ஒன்பது வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே வீடு. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் ஆரணி, பாரிஸில். ஆக வீட்டில் நான், ஒரு ஃபிரிஜ், கூரைக்கு மேலே அணில்கள். இதில் யாரோடு அதிகம் கதைக்கிறேன் என்று கேட்டால் அணில்களோடுதான். ஃபிரிஜ் கொஞ்சம் அமைதியான சுபாவம்.

அவர் இருந்த காலத்தில் விடிந்தால் ரேடியோ அலறும். செய்தி, மரண அறிவித்தல், பிறந்தநாள் வாழ்த்து, பாட்டு... "சத்தத்தைக் குறையுங்கோ!" என்று நான் குசினியிலிருந்து கத்தாத காலை இல்லை. இப்போது அந்த ரேடியோ அலுமாரிக்கு மேலே இருக்கிறது. போட்டால் வேலை செய்யும். போடுவதில்லை. குறைக்கச் சொல்ல ஆள் இருந்தால்தானே சத்தத்துக்கு மதிப்பு?

இந்த மெஷின் கதை தொடங்கியது போன மாதம் எனக்கு வந்த காய்ச்சலில்.

சாதாரணக் காய்ச்சல்தான். ஆனால் ஆளைச் சுருட்டிப் படுக்க வைத்துவிட்டது. எழும்பிப் போய் ஒரு மல்லிக் கோப்பி போட்டுக் குடிக்கவும் சீவன் இல்லை. போன் விறாந்தையில் சார்ஜ் இல்லாமல் கிடந்தது. அதை எடுக்கப் போகலாம், பிறகு போகலாம் என்று நினைத்தபடியே நித்திரையாகிவிடுவேன். முழிப்பு வரும்போதெல்லாம் முன்வீட்டில் மெற்றில்டா முற்றம் கூட்டுகிற சத்தம் கேட்கும். அவருடைய பிள்ளைகள் சண்டை பிடிக்கிற சத்தம் கேட்கும். அவ்வளவு பக்கம். ஒருதரம் கூப்பிட்டால் கேட்டிருக்கும்.

கூப்பிடவில்லை. யாராவது தாமாக வருவார்கள் என்று வாசல் படலையையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஒருவரும் வரவில்லை. காய்ச்சலைவிட அதுதான் எனக்குக் கூடச் சுட்டது.

காய்ச்சல் விட்டு, போனைச் சார்ஜில் போட்டபோது ஆரணியின் தவறிய அழைப்புகள் வரிசையாக வந்து விழுந்தன. எடுத்தேன். அவள் முதலில் அழுதாள். பிறகு சொன்னாள்:

"அம்மா, நீங்கள் செத்துக் கிடந்தாலும் ஆருக்கம்மா தெரியும்?"

இப்படியொரு கேள்வியைப் பெற்ற பிள்ளை கேட்டால் என்ன பதில் சொல்வது? கோபம் வந்தது. ஆனால் கோபப்படுவதற்கு அவள் சொன்னதில் பொய் இல்லையே...

"இனிக் காணும். கோடை லீவுக்கு நான் வாறன். வந்து உங்களைக் கூட்டிக்கொண்டுதான் போவன். வீட்டைப் பூட்டிப்போட்டு வெளிக்கிடுங்கோ" என்றாள். என் மகள் கச்சேரியில் வேலை பார்த்திருந்தால் நான் அவளுக்குக் கீழேதான் வேலை செய்திருப்பேன்.

பாரிஸ் எனக்குப் புதிதில்லை. ஒரு கோடை முழுக்க அவளோடு போய் நின்றிருக்கிறேன். அங்கே காலையில் நான் முழிப்பதே ஒரு சத்தத்தில்தான். குசினியில் அவள் கோப்பிக் கொட்டை அரைப்பாள். கர்ர்ர்ர் என்று, கல்லுக்குள் சைக்கிளை விட்டது மாதிரி ஒரு சத்தம். பிறகு மெஷின் புஸ்ஸென்று மூச்சு விடும். கோப்பை தட்டுப்படும். கண்ணைத் திறக்காமல் படுத்திருந்து கேட்பேன். என் பிள்ளை எழும்பிவிட்டாள், பத்தடிக்கு அப்பால் நிற்கிறாள் என்று அதற்கு அர்த்தம். அந்தக் கோடையில் நான் பார்த்த கோபுரமும் ஆறும் எனக்கு மறந்துபோய்விட்டன. அந்தச் சத்தம் மட்டும் மறக்கவில்லை.

சரி, சத்தம் முடிந்த பிறகு? அவள் வேலைக்குப் போய்விடுவாள். கதவு சாத்துப்படும். பொழுது படும்வரைக்கும் நானும் ஜன்னலும்தான். மாடிக்கு மாடி வீடு, வீட்டுக்கு வீடு கதவு, ஒரு கதவும் திறக்காது. இங்கேயும் தனிமைதான், அங்கேயும் தனிமைதான் — அங்கே லிஃப்ட் இருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

அதனால் பிறகொரு நாள் மகள் எடுத்தபோது சொன்னேன்: "நான் அங்க வரேல்ல பிள்ளை. உன்ர வீட்டில இருக்கிற மாதிரி ஒரு கோப்பி மெஷின் நானும் வாங்கப் போறன்."

அவள் உடனே பிடித்துக்கொண்டாள்:

"நீங்கள் என்ர கோப்பி கசக்குது எண்டு சிங்குக்குள்ள ஊத்தினது எனக்குத் தெரியாதெண்டோ நினைச்சியள்?"

பார்த்தீர்களா? பிள்ளைகளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். தேவைப்படுகிற நேரம் வரைக்கும் எடுத்து வைத்துக்கொண்டிருப்பார்கள்.

"அம்மா, ஒரு கதை கேக்கிறன். மெஷின் வாங்கினால் நீங்கள் இஞ்ச வரமாட்டியள் எண்டுதானே அர்த்தம்?"

"கோப்பி குடிக்கப் போறன் எண்டு மட்டும்தான் அர்த்தம்."

"வாற ஞாயிறு நான் பிளேன் ரிக்கெற் போடப் போறன். எனக்கு மட்டும் போடுறதோ, உங்களுக்கும் சேத்துப் போடுறதோ எண்டு அதுக்குள்ள சொல்லுங்கோ."

வைத்துவிட்டாள். ஆக, நான் வாங்கப் போனது வெறும் கோப்பி மெஷின் இல்லை என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாங்கினால் இந்த வீட்டில்தான் என் மிச்சக் காலம். ஃபிரிஜ்ஜோடும் அணிலோடும்.

எதற்கும் முதலில் கொட்டை கிடைக்குமா என்று பார்ப்போம் என்று சந்தைக்குப் போனேன். எங்கள் பக்கத்தைத் தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இங்கே எல்லாவற்றுக்கும் தேத்தண்ணிதான். விருந்தாளிக்கும் தேத்தண்ணி, சண்டை தீர்க்கவும் தேத்தண்ணி. கோப்பி போட்டால் ஒன்று காய்ச்சல் வீடு, இல்லாவிட்டால் செத்த வீடு. மல்லியும் வேர்க்கொம்பும், அதுதான் சுக்கும், சேர்த்து இடித்துப் போட்ட கோப்பி வாசலில் ஏறமுதலே மணக்கும். அந்த மணம் எந்த வீட்டிலிருந்து வருகிறதோ அந்த வீட்டுக்கு அக்கம்பக்கம் போய் எட்டிப் பார்க்க வேண்டும். யாரும் சொல்லிக்கொடுத்த சட்டமில்லை, எல்லோரும் அப்படித்தான்.

பலசரக்குக் கடைக்காரரிடம் "கோப்பி இருக்கோ?" என்று கேட்டதுதான் தாமதம்.

"ஐயோ, ஆருக்கு அன்ரி காய்ச்சல்? மல்லி போட்டதோ, வேர்க்கொம்பு கூடப் போட்டதோ?"

"காய்ச்சல் இல்லைத் தம்பி. அரைக்காத கொட்டையாக் கிடைக்குமோ?"

"கொட்டையாவோ?" அவர் பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்தார். பக்கத்துக் கடைக்காரர் என்னைப் பார்த்தார். "கொட்டையை வைச்சு என்ன செய்யப் போறியள்? முளைக்கவும் மாட்டுதே..."

அதன்பிறகு இந்த மெஷின் விஷயத்தைக் கிளிநொச்சியில் ஒரு மனிதருக்கும் சொல்லக்கூடாது என்று முடிவெடுத்தேன். காய்ச்சலோடு தனியாகக் கிடந்த மனுசி இப்போது காய்ச்சல் இல்லாமல் கோப்பி தேடுகிறாள் என்றால் தலைக்கு ஏறிவிட்டது என்பார்களா, மாட்டார்களா?

வவுனியா பஸ்ஸில் பக்கத்தில் ஒரு அம்மா வந்து இருந்தார். பஸ் வெளிக்கிட முதலே கேள்வி வெளிக்கிட்டுவிட்டது.

"எங்க போறியள்?"

"ஒரு மெஷின் வாங்கப் போறன்."

"தையல் மெஷினோ?"

"ஓம்" என்றேன். பொய்க்கு இதைவிடச் சுகமான வழி உண்டா? அவரே கட்டித் தந்த பொய். அவருடைய மருமகளுக்குத் தையல்தான் தொழிலாம். எந்த மெஷின் நூலை அறுக்கும், எந்தத் துணிக்கு எந்த ஊசி, சாறி பிளவுஸில் கை எந்த இடத்தில் பிசகும் — கனகராயன்குளம் வரும்வரைக்கும் ஒரு வகுப்பே எடுத்தார். நானும் "ஓமோ?", "அப்பிடியோ?" என்று கேட்டுக்கொண்டு வந்தேன். உண்மையாகவே கேட்டேன். ஒரு மனிதக் குரல் இவ்வளவு நேரம் என் காதுக்குப் பக்கத்தில் கேட்டு எவ்வளவு காலம்... அவர் கனகராயன்குளத்தில் இறங்கிப் போன பிறகு அந்தச் சீட்டில் என் கைப்பையை எடுத்து வைத்துக்கொண்டேன். இடம் வெறுமையாகக் கிடப்பது பிடிக்கவில்லை.

இனிக் கடைக்கு வருவோம். வெளிநாட்டு வீட்டுச் சாமான்கள் விற்கிற கடை. கோப்பிக் கடை போடுகிற பொடியன்கள் இப்போது வவுனியாவில் கூடிவிட்டார்களாம், அவர்களுக்காக இறக்கினதாம்.

முதலில் காட்டியது கப்சூல் மெஷின். சின்னது, அழகானது. "இது தனி ஆளுக்கெண்டே செய்தது அன்ரி. ஒரு கப்சூலைப் போட்டு அமத்தினால் ஒரு கோப்பை. கழுவுற வேலையும் இல்லை. உங்களுக்கு இதுதான் சரி."

தனி ஆள் என்று நான் எப்போது சொன்னேன்? நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறதா?

"எங்கட வீட்டில ஆக்கள் வந்து போறவை" என்றேன் வெடுக்கென்று. மின்சார மீற்றர் வாசிக்கிறவரைக் கணக்கில் எடுத்தால் அது பொய் இல்லை.

அடுத்தது முழு ஓட்டோமெற்றிக். அதில் நேரம் வைத்துவிடலாமாம். "விடிய நீங்கள் எழும்ப முதல் அது தன்ர பாட்டில எழும்பும் அன்ரி. தண்ணியைச் சூடாக்கும், உள்ளுக்கத் தன்னைத்தானே கழுவும், நீங்கள் வரேக்க ரெடியா நிக்கும்."

இந்த இடத்தில் நான் ஏறக்குறைய விழுந்துவிட்டேன். யோசித்துப் பாருங்கள் — நான் கண் முழிக்க முதல் குசினியில் ஒன்று எழும்பி, எனக்காகத் தண்ணி சூடாக்கிக்கொண்டு நிற்கும்! மெஷின்தான். ஆனாலும் எழும்பி நிற்குமே... எடுத்துவிடுவோம் என்று வாயைத் திறக்கவும் அவர் கேட்டார்:

"அன்ரிக்கு எந்த இடம்?"

"கிளிநொச்சி."

"கிணத்துத் தண்ணியோ? கேத்தலுக்குள்ள வெள்ளையாப் படியிறதோ?"

படிகிறதா என்று கேட்கிறார்! எங்கள் கேத்தலைத் திறந்து பார்த்தால் உள்ளே பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்தது போல இருக்கும்.

"அப்ப இது வேண்டாம் அன்ரி. இதின்ர உள்குழாயெல்லாம் நூல் மாதிரி. உங்கட தண்ணி கெதியா அடைச்சுப்போடும். எனக்கு விக்கிறது பெரிசில்லை, பேந்து நீங்கள் திட்டுவியள்." அவர் கைபிடி வைத்த ஒரு மெஷினை முன்னால் இழுத்தார். "இது கழட்டிக் கழுவக்கூடியது. ஃபில்டர் தண்ணி வாங்கி ஊத்தினால் கனகாலம் நிக்கும்."

அதற்குக் கோப்பித் தூள் போடுகிற வடிகள் இரண்டு இருந்தன. சின்ன வடி ஒரு கோப்பைக்கு, பெரிய வடி இரண்டு கோப்பைக்கு.

"எனக்குச் சின்னது காணும்" என்றேன். வீட்டில் ஆட்கள் வந்து போவதாகச் சொன்னதை அதற்குள் மறந்துவிட்டேன். அவர் மறக்கவில்லை என்று நினைக்கிறேன், ஆனால் கண்டுகொள்ளவில்லை. நல்ல மனிதர்.

"சின்னதில ஒழுங்கா வராது அன்ரி. தண்ணி விறுவிறெண்டு ஓடிப்போடும், கோப்பி வெளிறிப்போய்க் கிடக்கும். எல்லாரும் பெரிசிலதான் போடுறவை. ஒராளெண்டாலும் ரெண்டு பேருக்குப் போடுங்கோ, அப்பதான் அது நல்லா வரும்."

மெஷினுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது.

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார், என்னைப் பார்த்தார். பிறகு, "மெஷின் பெரிசாச் சத்தம் போடாது. அரைக்கிறதுதான் சத்தம். அது வேற" என்று ஒரு அரைக்கிற மெஷினைக் கொண்டுவந்து கொட்டையைக் கொட்டி, பட்டனை அமத்தினார்.

கர்ர்ர்ர்ர்!

கடையில் நின்ற எல்லோரும் திரும்பினார்கள். மேசையில் இருந்த கரண்டி நடுங்கிக் கீழே விழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆரணி எழும்பிவிட்டாள். குசினியில் நிற்கிறாள்...

"மன்னிக்கோணும் அன்ரி, இது கொஞ்சம் பழைய மொடல். இதைவிடச் சத்தம் குறைஞ்சது—"

"இதைத் தாங்கோ" என்றேன்.

கைபிடி மெஷின், அரைக்கிற மெஷின், ஒரு பை கொட்டை என்று எல்லாவற்றோடும் கிளிநொச்சியில் பஸ்ஸால் இறங்கியபோது முன்வீட்டு அந்தோனி ஓட்டோவோடு நின்றார். மெற்றில்டாவின் கணவர். இருவரும் முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கத்து ஆட்கள். அவர் முன்பு கடலுக்குப் போனவர், இப்போது ஓட்டோ. பெட்டிகளைத் தூக்கி வைத்துவிட்டுக் கேட்டார்:

"இதென்னக்கா, நல்ல பாரமாக் கிடக்கு?"

"ஒரு மெஷின்... வீட்டுக்குத் தேவைப்படுது" என்று சொல்லிவிட்டு வெளியே பார்த்தேன்.

அவர் அதன்பிறகு ஒன்றும் கேட்கவில்லை. வழக்கமாகக் குழியென்று பாராமல் பாய்கிற ஓட்டோ அன்றைக்கு ஊர்ந்து ஊர்ந்து போனது. சாமான் உடையக்கூடாதென்று கவனமாகப் போகிறார் என்று நினைத்தேன்.

மறுநாளிலிருந்து காலைகள் மாறின. விடிய எழும்புவேன். அரைப்பேன். கர்ர்ர்ர் என்று வீடு முழுக்க நிறையும். கூரையில் அணில்கள் சிதறி ஓடும். பிறகு மெஷின் புஸ்ஸென்று ஆவி விடும். இரண்டு குழாயால் இரண்டு கோப்பைக்குள்ளும் கறுப்பாக, மெதுவாக இறங்கும். நல்ல மணம்.

ஆனால் ஒரு விஷயத்தை நான் முன்கூட்டி யோசிக்கவில்லை. பாரிஸில் நான் படுத்திருந்தேன், சத்தம் குசினியிலிருந்து வந்தது. இங்கே சத்தம் போடுகிறவளும் நானே, கேட்கிறவளும் நானே. பட்டனிலிருந்து விரலை எடுத்ததும் வீடு முன்பைவிட அமைதியாகிவிடும். ஒரு கோப்பையை நான் குடிப்பேன் — இப்போது கசப்புப் பழகிவிட்டது. மற்றக் கோப்பை மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்து ஆறும். ஆறிய பிறகு கறிவேப்பிலை மரத்தடியில் ஊற்றுவேன். இப்படியே காலைக்குக் காலை. சனிக்கிழமை ஊற்றும்போது அழுதுவிட்டேன். ஆரணி சொன்னதுதான் சரி, நாளைக்கு அவள் எடுத்தால் எனக்கும் சேர்த்து ரிக்கெற் போடச் சொல்வோம் என்று முடிவெடுத்தேன்.

ஞாயிறு காலை கோப்பி இறங்கிக்கொண்டிருந்த நேரம், படலையடியில் ஓட்டோச் சத்தம். என்ஜினை நிற்பாட்டவில்லை. படலை படாரென்று திறந்தது.

"அக்கா! எழும்பாதேங்கோ, எழும்பாதேங்கோ! படுத்திருங்கோ!"

மெற்றில்டா. ஒரு கையில் கஞ்சிச் சட்டி, மறுகையில் பிழிந்து கொடுக்கத் தேசிக்காய். பின்னால் அந்தோனி, என்னைத் தூக்கிக்கொண்டு போவதற்கு வசதியாகச் சாரத்தை மடித்துக் கட்டியபடி. நானோ நைற்றியோடு குசினி மேசைக்குப் பக்கத்தில் குத்துக்கல்லாக நின்றேன்.

"மாதாவே... ஏனக்கா எழும்பி நிக்கிறியள்? வெளிக்கிடுங்கோ ஆஸ்பத்திரிக்கு. இத்தினை நாளா விடாமல் காய்ச்சல், டெங்கோ என்னவோ!"

"ஆருக்குக் காய்ச்சல்?"

"விடிஞ்சால் கோப்பி மணக்குது! முதல் நாள் சரி, தும்மல் தடிமனாக்கும் எண்டு பாத்தம். ஒவ்வொரு நாளும் மணந்தால் நாங்கள் என்ன நினைக்கிறது? பேந்து அந்த ஆவி பிடிக்கிற மெஷின் வேற..."

"ஆவி பிடிக்கிற மெஷினோ?"

அந்தோனி தலையைச் சொறிந்தார். "நீங்கள்தானே சொன்னியள் அக்கா, வீட்டுக்கு ஒரு மெஷின் தேவைப்படுது எண்டு. முகமும் ஒரு மாதிரிக் கிடந்துது. நெஞ்சு வருத்தக்காரருக்கு மூச்சு விடுறதுக்கு வாங்கிறவை எல்லோ, அதுவாக்கும் எண்டு நினைச்சிட்டன். விடிய அது இரையிற இரைச்சலைக் கேட்டு இவா அழுதவா. பாவம், அக்காக்கு மூச்சு எடுக்க ஏலாமல் கிடக்குது எண்டு."

ஓட்டோ ஏன் அன்றைக்கு ஊர்ந்தது என்று இப்போது விளங்கியது. சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்க முடியவில்லை, ஏனென்றால் மெற்றில்டா சட்டியை வைத்துவிட்டு வந்து என் நெற்றியில் கையை வைத்துவிட்டார். முற்றம் கூட்டி, பாத்திரம் கழுவிக் காய்த்த கை. பிறகு கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார். நான் அசையாமல் நின்றேன். என்னை ஒருவர் தொட்டு எவ்வளவு காலம் என்று எண்ணிப் பார்க்கப் பயமாக இருந்தது.

"சூடு இல்லையே..." மெற்றில்டாவின் குரலில் ஒரு ஏமாற்றம்.

"காய்ச்சல் போன மாதம் வந்தது. இப்ப சுகம்."

"போன மாசமோ? எங்களுக்குத் தெரியாதே! ஏனக்கா சொல்லேல்ல?"

"நீங்கள் ஒருத்தரும் வரேல்லையே" என்றேன். சொல்லக்கூடாதென்று வைத்திருந்தது, வாயை மீறி வந்துவிட்டது.

மெற்றில்டா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "கோப்பி மணக்கேல்லையே அக்கா! மணந்திருந்தால் ஓடி வந்திருக்க மாட்டமோ? படலை சாத்திக் கிடந்துது. அக்கா பேப்பருக்கு எழுதுறா, குழப்பக்கூடாது எண்டு இவர் சொல்லுவார். நான் பிள்ளையளைக்கூட உந்தப் படலைப் பக்கம் பந்தடிக்க விடுறேல்ல. உங்களுக்கு அமைதி வேணுமெண்டு."

எனக்கு அமைதி வேண்டுமென்று!

இந்தப் பத்தியை எழுத எனக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு பின்னேரம். கிழமையின் மிச்ச நாட்கள் எல்லாம் நான் இந்தப் பக்கம் இருந்து அந்தப் படலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் அந்தப் பக்கம் இருந்து பிள்ளைகளைச் சத்தம் போடாதேங்கோ என்று அடக்கிக்கொண்டிருந்தார்கள். காய்ச்சலில் ஒரு கோப்பி போட எனக்குச் சீவன் இருந்திருந்தால் அந்தக் கை என் நெற்றிக்கு வந்திருக்கும்.

மேசையில் இரண்டு கோப்பைகள் இருந்தன. சூடாக. இருவருக்கும் எடுத்துக் கொடுத்தேன்.

அந்தோனி ஒரு மிடறு குடித்தார். கடலில் புயலைப் பார்த்த மனிதர், முகத்தைச் சுளிக்கவில்லை. "மருந்து நல்ல கடுமை" என்றார்.

"ஐயோ அக்கா, இது கசாயம்! இதுக்கோ இவ்வளவு பெரிய மெஷின்?" மெற்றில்டா நேரே போய்ச் சீனிப் போத்தலைத் தேடினார். அதற்கும் சரிவராமல், கடைசியில் கேத்தலை வைத்துத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து ஆரணியின் வீடியோ அழைப்பு. நான் எடுத்த எடுப்பில் மெற்றில்டா போனுக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஆரம்மா அது பக்கத்தில?" ஆரணிக்கு நம்ப முடியவில்லை.

"நான் முன்வீடு, பிள்ளை! அம்மாக்கு ஒண்டுமில்லை. நான் நெத்தியைத் தொட்டுப் பாத்தனான்."

ஆரணி முதல் வேலையாக மெற்றில்டாவின் நம்பரைக் கேட்டு வாங்கினாள். இவ்வளவு காலமும் அவளும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

தேத்தண்ணி முடிந்தது. ஓட்டோ என்ஜின் இன்னும் படலையடியில் ஓடிக்கொண்டிருந்தது. காய்ச்சல் இல்லாத வீட்டில் அவர்களுக்கு என்ன வேலை? எழும்பிவிட்டார்கள். போகும்போது மெற்றில்டா கண்டிப்பாகச் சொன்னார்: "அக்கா, இனி உந்தக் கறுப்புக் கோப்பி மணத்தை நாங்கள் கணக்கெடுக்க மாட்டம். உண்மையா ஏலாட்டி ஒரு பிடி மல்லியைப் போட்டுக் காய்ச்சுங்கோ. மணத்த உடன வருவன்." பிறகு, "சரி, நீங்கள் எழுதுங்கோ" என்று படலையை மெல்லச் சாத்திவிட்டுப் போனார். சத்தமே வராமல், அவ்வளவு மரியாதையாக.

வீடு மறுபடி அமைதியாகிவிட்டது. மேசையில் குடித்த கோப்பைகள். கஞ்சிச் சட்டி. போனில் ஆரணி இன்னும் இருந்தாள்.

"அம்மா... ரிக்கெற் என்ன செய்ய?"

"உனக்கு மட்டும் போடு. வந்து நிண்டு போ."

"அங்க தனியத்தானே இருக்கப் போறியள்?"

"ஓம். தனியத்தான்" என்றேன். பிள்ளையிடம் பொய் சொல்லி என்ன? ஒரு தேத்தண்ணியோடு தனிமை ஓடிவிடாது. ஆனால் நான் செத்துக் கிடந்தால் யாருக்குத் தெரியும் என்று கேட்டாளே, அதற்குப் பதில் இப்போது முன்வீட்டில் இருந்தது. எனக்குத் தேவை இன்னொரு காலை, இன்னொரு தேத்தண்ணி, நெற்றியில் ஒரு கை. சுகமாக இருக்கிறேன், வாங்கோ என்று கூப்பிடலாம்தான். அப்படிக் கூப்பிட்டுப் பழக்கமில்லையே...

பின்னேரம் சட்டியைக் கழுவி வைத்துவிட்டுச் சந்தைக்குப் போனேன். அதே பலசரக்குக் கடை. மல்லி கேட்டேன். கொஞ்சம் கூடவே கேட்டேன். அரைப்பதற்குத்தான் ஊரைக் கூட்டுகிற மெஷின் ஒன்று வீட்டில் இருக்கிறதே!

கடைக்காரர் மல்லியை நிறுத்துக்கொண்டே கேட்டார்: "ஆருக்கு அன்ரி காய்ச்சல்?"

"எனக்குத்தான் தம்பி" என்றேன். "நாளைக்கு."